தோட்டத்து ஷெட்டில் இறுகிப்போன டர்ட் பைக்: எது பிடித்திருக்கிறது, எப்படி விடுவிப்பது

போன தை மாதம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்திலிருந்து 2012 மாடல் ஹீரோ இம்பல்ஸ் ஒன்றை வாங்கினேன். 2011-இல் அந்த வண்டி வந்தபோது ஆசை இருந்தது, காசில்லை. இப்போது கொஞ்சம் காசு இருக்கிறது, கம்பெனி வண்டியை நிறுத்திவிட்டது. தோட்டத்துக் காவல்காரர் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். "நல்லா ஓடிட்டு இருந்த வண்டிதாங்க. மழைக்கு உள்ள தள்ளி நிறுத்துனோம், அதுக்கப்புறம் யாரும் எடுக்கலைங்க." ஏழு வருட மழை அது.

தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. கிக்கர் இறங்கவில்லை. முன் பிரேக் லீவர் கல்லாக இருந்தது. நான்கு பேர் தூக்கி குட்டி யானையில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவையும் இறக்கி சேலம் கன்னங்குறிச்சியில் வீட்டு வாசலில் வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இரும்புக் கடைக்குப் போற வழியில இங்க நிறுத்திருக்கீங்களா?" என்றார்.

ஓட்டுகிற நிலைக்கு வர மூன்று மாதம் ஆனது. அதில் கையில் ஸ்பேனர் பிடித்திருந்த நேரம் பத்து நாள்கூட இருக்காது. மிச்சமெல்லாம் எண்ணெய் ஊறக் காத்திருந்தது. எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது என்று எனக்குப் பிடிபட்ட வரிசையில் எழுதுகிறேன். நான் கெடுத்ததையும் சேர்த்துத்தான்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வண்டி ஓடும்போது நின்றதா, நின்ற பிறகு இறுகியதா? காவல்காரர் சொன்ன பதில் இரண்டாவது வகை. அது துரு இறுக்கம், ஊற வைத்தால் பெரும்பாலும் விடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே 'கிர்ர்' என்று சத்தம் போட்டு நின்றிருந்தால் அது ஆயில் இல்லாமல் சூட்டில் பிடித்த இன்ஜின். அதற்கு எத்தனை லிட்டர் எண்ணெய் ஊற்றினாலும் வீண். நேராகப் பிரித்துவிடலாம்.

அப்புறம் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து, எதற்குப் பக்கத்தில் நின்றது என்று பாருங்கள். என் வண்டியின் வலது பக்கம் பொட்டாஷ் மூட்டைகள் அடுக்கியிருந்தன. பொட்டாஷ் ஓர் உப்பு, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்தத் தூள் படிந்த வலது பக்கத்து நட்டுகள் எல்லாம் உதிரும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தன, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. இடது பக்கம் ஏறக்குறைய நன்றாகவே இருந்தது. எந்தப் பக்கத்தில் பொறுமை வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. முதல் வேலையாக நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கழுவினேன்.

எண்ணெய் பற்றி. நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாக நிற்கிற எண்ணெய், மரைக்குள் எப்படி ஏறும்? கடையில் விற்கும் துரு நீக்கி ஸ்பிரே பரவாயில்லை. நான் அதிகம் பயன்படுத்தியது ஏ.டி.எஃப். எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிப் பாதி கலந்தது. பவர் ஸ்டியரிங்கில் ஊற்றும் சிவப்பு ஆயில் என்று கேட்டாலும் பல கடைகளில் அதைத்தான் கொடுப்பார்கள். இரண்டும் ஒட்டாமல் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். பெயின்ட், பிளாஸ்டிக், ரப்பர் எதன் மேலும் படக்கூடாது. நெருப்புப் பக்கம் போகவே கூடாது.

சூடு இரண்டாவது ஆயுதம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அதனால் அலுமினிய உடம்பில் இறுகிய இரும்பு போல்ட்டுக்கு, போல்ட்டை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கள். இரும்புக்குள் இரும்பு என்றால் சூடாக்கி ஆறவிடுவதே பாதி வேலையைச் செய்யும். ஆறும்போது துருப் படலம் விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும். சூடு காட்டும் முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். பின் ஷாக் அப்சார்பர் பக்கம் நெருப்பே வேண்டாம், பல வண்டிகளில் உள்ளே அழுத்தமாக வாயு இருக்கும். பிரேக் கிளீனர் அடித்த இடத்திலும் கூடாது. அதில் குளோரின் கலந்த வகைகள் உண்டு, நெருப்புப் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும்.

தள்ளினால் நகரவே இல்லை

இன்ஜின் ஜாம் என்று எல்லோரும் உடனே முடிவு கட்டுவார்கள். நானும் கட்டினேன். தப்பு. இன்ஜின் இறுகியிருந்தாலும் நியூட்ரலில் வண்டி உருள வேண்டும்.

அடியில் கட்டை கொடுத்து ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பின் சக்கரம் சுற்றவில்லையா? பிரேக் கம்பி முனையில் இருக்கும் அட்ஜஸ்ட் நட்டை முழுதாக விடுங்கள். அப்போதும் சுற்றவில்லை என்றால் செயினைக் கழற்றுங்கள். துருப்பிடித்துக் கம்பி போல விறைத்த செயினை நான் கிரைண்டரில் அறுத்தே எடுத்தேன். எப்படியும் ஸ்பிராக்கெட்டோடு புதிய செட்தான் போடப்போகிறோம், அதற்கு மரியாதை தேவையில்லை. செயின் போன பிறகு சக்கரம் சுற்றினால் கோளாறு கியர் பக்கம். சுற்றாவிட்டால் பிரேக் அல்லது பேரிங். என் வண்டியில் பின்னால் டிரம்மும் முன்னால் டிஸ்க்கும், இரண்டுமே பிடித்திருந்தன. இன்ஜினும் பிடித்திருந்தது என்பது வேறு கதை.

நியூட்ரல் விளக்கை நம்பாதீர்கள், பேட்டரி எப்போதோ செத்திருக்கும். பின் சக்கரம் விடுபட்டதும் அதை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே கியர் லீவரைக் கையால் தட்டினால் கியர் மாறும். சக்கரத்தை ஆட்டாமல் லீவரை மிதித்தால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் வளையும்.

பின் பிரேக் பெடலை மிதித்தால் திரும்பி வரவில்லை

டிரம்மின் வெளியே இருக்கும் கை போன்ற லீவரைப் பாருங்கள். கம்பியை விட்ட பிறகும் அது பழைய இடத்துக்கு வராவிட்டால், ஷூவை விரிக்கும் கேம் அதன் துளையிலேயே துருப்பிடித்திருக்கிறது. லீவரை விடுபடும் திசையில் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டினாலே பல வண்டிகளில் சக்கரம் சுற்றத் தொடங்கும். சுற்றியதும் போதும் என்று ஓட்டிவிடாதீர்கள். அடுத்த பிரேக்கில் மறுபடி பிடிக்கும், அதுவும் ஏற்காட்டிலிருந்து இறங்கும் குப்பனூர் சாலையில் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பிரேக் பிளேட்டை வெளியே எடுத்து, லீவரும் கேம் தண்டும் சேரும் இடத்தில் புள்ளி அடையாளம் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். அடையாளம் இல்லாமல் மாட்டினால் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிடும். தண்டை உப்புத்தாளால் தேய்த்து, துளையைச் சுத்தம் செய்து, கிரீஸ் மிகக் கொஞ்சம். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

முன் சக்கரம் சுற்றவில்லை, பிரேக் லீவர் கல்லாக இருக்கிறது

இங்கே ஒரு சின்ன சோதனை நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில் இருக்கும் காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறங்கள். கொஞ்சம் பிரேக் ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் காலிப்பர் மேல் குற்றமில்லை. மேலே லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை அடைத்திருக்கிறது, அல்லது ஹோஸ் உள்ளே ஊதிப் போயிருக்கிறது. திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ காலிப்பர் வழுக்கும் பின்னோ துருப்பிடித்திருக்கிறது.

ஆனால் அந்த நிப்பிளைத் திறப்பதே ஒரு வேலை. நடுவில் ஓட்டை உள்ள மெல்லிய போல்ட் அது. ஓபன் ஸ்பேனர் போட்டால் தலை நசுங்கும், பலமாகத் திருகினால் கழுத்தில் ஒடியும். ஓட்டைக்குள் சரியாக நுழையும் டிரில் பிட் ஒன்றின் பின்பக்கத்தைச் செருகிக்கொண்டு, மேலே சின்னச் சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு. உள்ளே கம்பி இருப்பதால் நசுங்காது, அதிர்வு மரைக்குப் போகும். பிறகு ஆறு முனை சாக்கெட் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல், அப்புறம் கழற்றும் பக்கம்.

பிஸ்டனை வெளியே தள்ளச் சிறந்த கருவி அந்த பிரேக்கேதான். காலிப்பரை டிஸ்க்கிலிருந்து எடுத்து, ஹோஸைக் கழற்றாமல், லீவரை அடித்து அடித்துத் தள்ள வேண்டும். இரண்டு பிஸ்டனில் ஒன்று மட்டும் வந்தால், வந்ததை கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டு அடுத்ததைத் தள்ளுங்கள். பஞ்சர் கடையில் காற்று அடித்து எடுப்பார்கள். பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், எதிரில் விரலை வைக்காதீர்கள். என் வண்டியில் ஒன்று லீவருக்கு வரவில்லை. லேத் பட்டறை அண்ணன் ஹோஸ் மாட்டும் துளைக்குப் பொருந்துகிற கிரீஸ் நிப்பிள் ஒன்றைச் செய்து கொடுத்தார். கிரீஸ் கன்னால் பம்ப் செய்தபோது வாயில் பல்லைப் பிடுங்குகிற மாதிரி மெதுவாக வெளியே வந்தது. அதற்குப் பிறகு கிரீஸ் முழுவதையும் துடைத்து சீல்களைப் புதிதாகப் போட வேண்டும். பிரேக் ரப்பரில் பெட்ரோல், டீசல், சாதாரண கிரீஸ் எதுவும் படக்கூடாது. பிரேக் ஆயிலால் மட்டும் கழுவுங்கள். சீல் உரசும் இடத்தில் பிஸ்டனில் குழி விழுந்திருந்தால் புதியது வாங்குவதுதான் வழி.

கிக்கர் இறங்கவில்லை

இதற்குத்தான் பெரும்பாலானவர்கள் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன். கிக்கர் மேல் ஏறி நிற்காதீர்கள், கிக்கர் ஷாஃப்டோ அதன் பல்லோ போகும். செல்ஃப் அழுத்தாதீர்கள். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். மேக்னட்டோ (கரண்ட் உண்டாக்கும் பகுதி) பக்க மூடியைத் திறந்து, உள்ளே கிராங்க் எனும் இன்ஜின் தண்டின் முனையில் இருக்கும் போல்ட்டில் சாக்கெட் போட்டு நெம்புவார்கள் சிலர். இன்ஜின் திரும்பாது, போல்ட் கழலும் அல்லது ஒடியும்.

பிளக்கைக் கழற்றுங்கள். அதுவே இறுகியிருந்தால் சுற்றிலும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள், அங்கே மரை போனால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டோடு வேலை. கழன்றதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். எனக்குப் பிஸ்டன் தலை பாதி உயரத்தில் தெரிந்தது, சிலிண்டர் சுவரில் ஒரு பக்கம் காவி நிறத்தில் ஒரு வரி. அப்புறம் ஆயில் டிரெயின் போல்ட்டைத் திறந்து வடிகிற ஆயிலைப் பாருங்கள். காபி நிறத்தில் நுரை கட்டி வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, பேரிங்குகளும் சந்தேகத்துக்குரியவை. கறுப்பாக வந்தால் நிம்மதி.

டிரெயின் போல்ட்டை மூடிவிட்டு, ஏ.டி.எஃப்.பும் டீசலும் பாதிப் பாதி கலந்து பிளக் துளை வழியாக நாலைந்து தேக்கரண்டி ஊற்றுங்கள். இங்கே அசிட்டோன் வேண்டாம், அது ஆவியாகிப் போய்விடும். துளையைத் துணியால் அடைத்துவிட்டு விடுங்கள்.

மறுநாள் காலை பார்த்தேன், எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. பிஸ்டன் ரிங் வழியாக இறங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மதியம் சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் சிவப்பாக ஒழுகி நின்றது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் இன்ஜின் நின்றிருக்கிறது, ஊற்றியதில் ஒரு பகுதி அந்த வழியே போயிருக்கிறது. எண்ணெய் காணாமல் போனால் முதலில் சைலன்சரையும் கார்புரேட்டர் பக்கத்தையும் பாருங்கள். இரண்டும் காய்ந்திருந்தால்தான் ரிங் வழி போனதாக அர்த்தம். நான் வண்டியை எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்து, தினமும் இரண்டு தேக்கரண்டி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அசைக்கும் முறை இது. செயின் மாட்டி, வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஏன் டாப் கியர் என்றால், அதில்தான் சக்கரத்தில் கொடுக்கும் பலம் மற்ற கியர்களைவிட அதிகமாகக் கிராங்க்குக்குப் போகும். முதல் கியரில் டாப் கியரில் போவதில் கால்வாசி சொச்சம்தான் போய்ச் சேரும். வேகமாக உலுக்க வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி. ஆறாவது நாள் மாலையில் சக்கரம் வழக்கத்தைவிட அரை விரற்கடை கூடுதலாகப் போனது. சத்தம் எதுவும் இல்லை. மூளை நம்பவில்லை, கைக்குத் தெரிந்தது. ஒரேயடியாகச் சுற்றிவிடும் ஆசையை அடக்கிக்கொண்டு இன்னும் எண்ணெய் விட்டேன். எட்டாம் நாள் முழுச் சுற்று வந்தது.

விட்ட பிறகு செய்ய வேண்டியது: பிளக் இல்லாமல், துளை மேல் துணி போட்டு, கிக்கரை மெதுவாகப் பலமுறை இறக்குங்கள். பிளக்கை மாட்டிக்கொண்டு செய்தால் உள்ளே நிற்கும் எண்ணெயை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையலாம். துணி இல்லாமல் செய்தால் கண்ணில் பீய்ச்சும், எனக்குச் சட்டையோடு போனது. டீசல் கலந்த இன்ஜின் ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடியதும் அதையும் மாற்றிவிடுங்கள். முதல் கால்மணி நேரம் தெருவே புகையாக இருக்கும், தெருக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும். பிறகு சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் பட்டறை. நம் வண்டிகளுக்கு வழக்கமாக 0.25 மில்லிமீட்டர் படிகளில் ஓவர்சைஸ் பிஸ்டன் வரும், ஆனால் நிறுத்திய மாடலுக்கு முதலில் பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொண்டு அப்புறம் போரிங்குக்குக் கொடுங்கள். மாற்றிச் செய்து சிலிண்டரும் கையுமாக நின்றவர்கள் உண்டு.

கிளட்ச் பிடித்தும் வண்டி இழுக்கிறது

இன்ஜின் ஓடுகிறது, கிளட்ச் பிடித்துக் கியர் போட்டதும் வண்டி துள்ளி நின்றுவிடுகிறது. பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. முதலில் இன்ஜினை நியூட்ரலில் நன்றாகச் சூடாக்கி நிறுத்துங்கள். லீவரைக் கயிற்றால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி, கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்கள். இரவு முழுக்கக் கட்டியே வைத்து மறுநாளும் செய்யலாம். எனக்கு இரண்டாம் நாள் 'பட்' என்று விட்டது. விடாவிட்டால் மூடியைத் திறந்து பிளேட்டுகளைப் பிரித்து இன்ஜின் ஆயிலில் ஊற வைத்து மாட்ட வேண்டும், பெரிய வேலை இல்லை.

ஆக்சில் நட் கழன்றது, ஆக்சில் வரவில்லை

என்னை அதிகம் படுத்தியது இதுதான். பின் சக்கரத் தண்டான ஆக்சில் வலது பக்கம், அதாவது பொட்டாஷ் பக்கம், பேரிங்குக்கும் ஸ்பேசருக்கும் உள்ளே துருவால் ஒட்டிக்கொண்டது. நட்டைக் கழற்றிவிட்டு மரை முனையில் நேராகச் சுத்தியலால் அடித்தேன். மூன்றே அடியில் முனை காளான் மாதிரி விரிந்தது. இப்போது அது உள்ளே போகவும் முடியாது, நட் ஏறவும் ஏறாது. அரத்தால் ராவி அந்த விளிம்பை எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

சரியான முறை: நட்டை முனைக்குச் சமமாக வரும்வரை திருப்பி மாட்டுங்கள். அதன் மேல் பித்தளைத் துண்டு வைத்து அடியுங்கள். அடிப்பதற்கும் முன்னால், மறுபக்கத் தலையில் ஸ்பேனர் போட்டுச் சுழற்றப் பாருங்கள். சுழன்றுவிட்டால் பாதி வென்றாகிவிட்டது. நேராக அடிப்பதைவிடச் சுழற்றுவதில்தான் துரு உடையும். பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்முக்கு அடியில் கட்டை கொடுங்கள், இல்லையென்றால் அடியின் பலம் வண்டியை ஆட்டுவதிலேயே போய்விடும்.

ஊறலுக்கும் வரவில்லை. வீட்டில் இருந்த ஹீட் கன் போதவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், அதே இரும்புக் கடைக் கிண்டல்காரர், வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கொலுசுக்குப் பொடி வைத்து ஊதும் சின்ன கேஸ் டார்ச்சைக் கொண்டுவந்தார். "கொலுசுக்குக் காட்டுற நெருப்ப ஆக்சிலுக்குக் காட்டச் சொல்றீங்களே" என்று முனகிக்கொண்டே ஊசி மாதிரி நீலச் சுடரை ஹப்பில் பேரிங் உட்காரும் இடத்தைச் சுற்றி மட்டும் ஓட்டினார். பெரிய கேஸ் கட்டிங் டார்ச்சாக இருந்திருந்தால் ஹப் பெயின்ட்டோடு ரப்பரும் கருகியிருக்கும். சூடான இடத்தில் மெழுகுவர்த்தியை ஆக்சில் விளிம்பில் தொட்டார். மெழுகு உருகி, சந்துக்குள் இழுத்துக்கொண்டு போவது கண்ணுக்கே தெரிந்தது. வெள்ளி வேலையில் சூட்டைப் பார்த்துப் பழகிய கண், எங்கே நிறுத்துவது என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஸ்பேனரைப் போட்டேன், 'கிறீச்' என்றது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சூடு பட்ட பேரிங்குகளை இரக்கம் பார்க்காமல் மாற்றிவிட்டேன்.

சுவிங் ஆர்ம் போல்ட்டுக்கும் இதே முறைதான், நாள்தான் கூடுதல். எதற்கும் வராவிட்டால் பிரேமுக்கும் ஆர்முக்கும் நடுவே இருக்கும் சந்தில் ஹாக்சா பிளேடை மட்டும் விட்டு இரண்டு பக்கமும் அறுத்து எடுப்பார்கள். புதிய போல்ட் கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு அறுங்கள்.

ஸ்க்ரூ தலை வழுக்குகிறது, போல்ட் ஒடிந்துவிட்டது

ஜப்பான் வடிவமைப்பில் வந்த இன்ஜின்களின் மூடி ஸ்க்ரூக்கள் பிளஸ் மாதிரி தெரிந்தாலும் சாதாரண பிலிப்ஸ் டிரைவருக்குப் பொருந்தாது. ஜே.ஐ.எஸ். (ஜப்பான் அளவு) டிரைவர் என்று கேட்டு வாங்குங்கள், அது அடிவரை உட்காரும். சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று இருந்தால் பெரும்பாலான மூடிகள் திறந்துவிடும். தலை ஏற்கெனவே வழுக்கியிருந்தால் சின்ன உளியை விளிம்பில் சாய்வாக வைத்துக் கழற்றும் திசையில் தட்டுங்கள்.

போல்ட் ஒடிந்து கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால் நேராக வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். ஒடிந்த முனை மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு நிரப்புவார்கள். நட்டு பிடிமானம், வெல்டிங் சூடு போனஸ். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வெல்டு செய்யச் சொல்லுங்கள். ஒடிந்த போல்ட்டுக்குள் செருகித் திருகி எடுக்கக் கடையில் விற்கும் இடதுமரை எக்ஸ்ட்ராக்டர் எனக்குப் பிடிக்காது. அது உள்ளே ஒடிந்தால் அத்தனை கடினமான இரும்பை சாதாரண டிரில் தொடாது. நான் ஒன்றை கிளட்ச் மூடியில் ஒடித்து வைத்து, லேத் பட்டறை அண்ணனிடம் எடுத்துப் போனேன். பார்த்துவிட்டு, "தம்பி, நீ ஒடிச்சது ஒரு ரூவா போல்ட்டு. அதுக்குள்ள ஒடிச்சது நூறு ரூவா போல்ட்டு" என்றார். இரண்டையும் எடுத்து, ஹெலிகாயில் எனும் புது மரைச் சுருளைப் போட்டுக் கொடுத்தார்.

ஆக்சிலேட்டர் முறுக்கினால் திரும்பி வரவில்லை

மற்றதெல்லாம் வண்டியை நிறுத்தும் கோளாறு, இது வண்டி நிற்காத கோளாறு. சரியாகும்வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. கேபிளைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி இழுத்துப் பாருங்கள். கேபிள் கனமாக வந்தால் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்காமல் புதிது மாட்டுங்கள். கேபிள் லேசாக வந்தால் கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்திருக்கிறது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், உள்ளே பித்தளையும் அலுமினியமும் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். கார்ப் கிளீனர் அடிப்பதற்கு முன் ரப்பர் டயாஃப்ரம் இருந்தால் எடுத்துவிடுங்கள், அது ஊதிவிட்டால் அளவுக்குத் திரும்பாது.

சின்னச் சின்ன இறுக்கங்கள்

ஹேண்டில் நடுவில் வந்ததும் 'டக்' என்று ஓர் இடத்தில் உட்கார்ந்தால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன்செட்டில் குழி விழுந்திருக்கிறது. கிரீஸ் வைத்தால் போகாது, மாற்றுங்கள். ஸ்போக் நிப்பிளுக்கு எண்ணெய் இரண்டு இடத்தில் வேண்டும்: ஸ்போக் நுழையும் வாயிலும், டயரைக் கழற்றிவிட்டு ரிம்மின் உள்பக்கமும். எல்லோரும் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிப்பிளை உருட்டிவிடுகிறார்கள். சாவித் துளையில் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்த்துக்கொள்ளும். பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவி நாலு முறை போட்டு எடுங்கள்.

இதையெல்லாம் செய்யும் முன்பே ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருப்பவையும் ஒன்றா என்று பார்த்திருக்க வேண்டும். சொந்த வண்டி ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான், என்னுடையது 2027-இல் புதுப்பிக்க வேண்டும்.

வண்டி இப்போது ஓடுகிறது. சித்திரையில் ஒரு தடவை ஏற்காடு ஏறி, அதே தோட்டத்துக்குப் போய்க் காவல்காரருக்குக் காட்டிவிட்டு வந்தேன். ஹெட்டில் சைலன்சரைப் பிடிக்கும் இரண்டு ஸ்டட்டில் வலது பக்கத்து நட் மட்டும் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வண்டி வெதுவெதுப்பாக ஆறி நிற்கும்போது ஒரு சொட்டு விடுகிறேன். புகை கசியாதவரை அதன் மேல் ஸ்பேனர் போடப் போவதில்லை.